வாளோடு வர்ற குதிரைக்காரன் யாரு?

"யாருடா போட்டுக்கொடுத்தது?"

ஆறாவது செமஸ்டர், மினி ப்ராஜெக்ட் ரெண்டாவது ரிவ்யூ முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி, எங்க ஹாஸ்டல் ரூம்ல ஓடிக்கிட்டிருந்த ஒரே கேள்வி இதுதான். மண்ணோட ஈரப்பதத்தை சென்சார் வச்சு அளந்து, தானா தண்ணி விடுற சிஸ்டம் எங்க ப்ராஜெக்ட். 30 ரீடிங் எடுத்திருக்கணும். நாங்க எடுத்தது 11. மிச்சம் 19-ஐ எக்செல்ல உட்கார்ந்து "நிரப்பிட்டோம்". தப்புதான், மறுக்கல. ஆனா ரிவ்யூல எங்க கைடு முதல் கேள்வியே, "இதுல நிஜமா எத்தனை ரீடிங் எடுத்தீங்க?"ன்னு கேட்டதும் நாலு பேருக்கும் முகம் வெளிறிப் போச்சு. ரிவ்யூ தள்ளிப் போச்சு. ரீடிங் எல்லாம் மறுபடி எடுக்கச் சொல்லிட்டாங்க.

டீம்ல ஒருத்தன் அன்னைக்கு சாயங்காலமே ஊருக்குப் போயிட்டான். மீதி மூணு பேரும் ரூம்ல. பக்கத்து ரூம் நண்பன் ஒருத்தன் ஆன்லைன்ல டாரட் கார்டு கட்டு ஒண்ணு வாங்கி வச்சிருந்தான். "வாங்கடா, கார்டையே கேட்டுடலாம்"னான். கலைச்சுப் போட்டு ஒண்ணு எடுத்தோம். கவசம் போட்ட ஒருத்தன் வாளைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, வெள்ளைக் குதிரையில பறந்து வர்ற படம். கீழே பேர்: நைட் ஆஃப் ஸ்வார்ட்ஸ். கூட வந்த குட்டிப் புத்தகத்துல, "அவசரக்காரன், வெடுக்கென்று பேசும் இளைஞன்" என்கிற மாதிரி ஒரு விளக்கம்.

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். ஊருக்குப் போனவன்தான் எங்கள்ல வெடுக்குன்னு பேசுறவன். "அப்போ அவன்தான்." முடிவு பண்ணிட்டோம். ரெண்டு மாசம் அவன்கிட்ட யாரும் சரியா பேசல.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, அந்தக் கார்டு உண்மையில என்ன, அதை எப்படிப் படிக்கணும், நாங்க எங்கே சறுக்கினோம்னு பார்த்துடலாம். ஏன்னா இப்போ டாரட் ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் வந்தாச்சு. ரீல்ஸ் திறந்தா, "மூணு கார்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுங்க, உங்களைப் பத்தி ஒருத்தர் என்ன நினைக்கிறாங்கன்னு சொல்றேன்"னு யாராவது சொல்லிக்கிட்டிருக்காங்க. நீங்க நம்புறீங்களோ இல்லையோ, இதைத் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது.

78 கார்டு, அதுல 16 முகம்

ஒரு டாரட் கட்டுல 78 கார்டு. அதுல 22 கார்டுகளுக்கு மேஜர் அர்கானான்னு பேர். சூரியன், நிலா, கோபுரம், மரணம்னு நாம சினிமாவுல பார்க்கிறதெல்லாம் இதுலதான் வரும். மிச்சம் 56 கார்டு நம்ம ஊர் சீட்டுக்கட்டோட பெரியப்பா பிள்ளை மாதிரி. நாலு ஜாதி: கோல், கிண்ணம், வாள், காசு. ஒவ்வொண்ணுலயும் 1 முதல் 10 வரை எண் கார்டு. அதோட நாலு அரசவைக் கார்டு.

சாதா சீட்டுக்கட்டுல ஜாக்கி, ராணி, ராஜான்னு மூணுதான். டாரட்ல நாலு: பேஜ், நைட், குயீன், கிங். பேஜ்னா அரண்மனையில எடுபிடி வேலை செஞ்சுக்கிட்டே வித்தை கத்துக்கிற பையன். நைட்னா குதிரை வீரன். செஸ்ல நாம குதிரைன்னு சொல்றோமே, அதே ஆள். ஆக 4 ஜாதி, 4 பதவி, மொத்தம் 16 முகம். இந்த 16-ஐத்தான் கோர்ட் கார்டுன்னு சொல்றாங்க. இங்கே கோர்ட்னா நீதிமன்றம் இல்லை, அரசவை. (அன்னைக்கு ராத்திரி நாங்க அதை நீதிமன்றமாத்தான் நடத்தினோம், அது வேற விஷயம்.)

டாரட் கத்துக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. இருக்கிறதுலயே கஷ்டம் இந்த 16-தான்னு பெரும்பாலும் சொல்வாங்க. மத்த கார்டுல ஒரு சம்பவம் இருக்கும். கோபுரத்துல இடி விழுது, யாரோ மூட்டையைச் சுமந்துட்டுப் போறாங்க, யாரோ தூக்கம் வராம கட்டில்ல உட்கார்ந்திருக்காங்க. பார்த்ததும் ஏதோ ஒண்ணு புரியும். கோர்ட் கார்டுல சம்பவம் கிடையாது, ஒரு ஆள்தான் இருப்பார். ஆளைப் பார்த்ததும் நம்ம மூளை செய்யிற முதல் வேலை, "இது யாரு?"ன்னு கேட்கிறது. சிக்கல் தொடங்குறதே அந்தக் கேள்வியிலதான்.

முதலில் இது சீட்டாட்டம்

டாரட்னா ஏதோ எகிப்து ரகசியம்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. இல்லவே இல்லை. இது 15-ஆம் நூற்றாண்டுல வட இத்தாலியில ஆடின சீட்டாட்டம். ஃபெராரா அரசவையில இந்தக் கட்டு வரைஞ்சதுக்குக் காசு கொடுத்த கணக்கு 1442-லயே பதிவாகியிருக்கு. ஃபிரான்ஸ்ல இன்னைக்கும் இதே 78 கார்டை வச்சு பாயிண்ட் எண்ணி விளையாடுறாங்க. அங்கே ஜோசியத்துக்கு வேலையே இல்லை.

அந்த அரசவைப் பதவிகளுக்கு இன்னும் பழைய வேர் இருக்கு. ஐரோப்பாவுக்கு சீட்டுக்கட்டு 14-ஆம் நூற்றாண்டுல இஸ்லாமிய உலகத்துல இருந்து வந்தது. எகிப்தை ஆண்ட மம்லூக் காலத்துக் கட்டு ஒண்ணு இஸ்தான்புல் தோப்காபி அரண்மனை அருங்காட்சியகத்துல இருக்கு. அதுலயும் கிண்ணம், காசு, வாள் உண்டு. நாலாவதா போலோ மட்டை. அரசவைக் கார்டுகள்ல மனுஷ உருவம் கிடையாது, பதவிப் பேர் மட்டும்தான் எழுதியிருக்கும்: ராஜா, நாயிப், ரெண்டாவது நாயிப். நாயிப்னா பிரதிநிதி. நம்ம ஆற்காடு நவாப்ல வர்ற "நவாப்" என்கிற சொல்லும் அதே வேர்ல இருந்து வந்ததுதான்.

இதைக் கவனிச்சு வச்சுக்குங்க. ஆரம்பத்துல இந்தக் கார்டுகள் எந்த ஆளையும் காட்டல, பதவியைக் காட்டுச்சு. முகம் அப்புறம்தான் வந்தது. அந்த முகமும் ஒரே மாதிரி இல்லை. யேல் பல்கலைக்கழகத்துல இருக்கிற விஸ்கோன்தி கட்டுல ஒவ்வொரு ஜாதிக்கும் ஆறு அரசவைக் கார்டு. அதுல பெண் குதிரை வீரரும் உண்டு!

எகிப்து கதை எங்கே இருந்து வந்தது? 1781-ல கூர் த ஜெபெலான் என்கிற ஃபிரெஞ்சுக்காரர், இது பழங்கால எகிப்து ஞானிகள் எழுதின புத்தகம்னு எழுதினார். ஆனா எகிப்து சித்திர எழுத்தைப் படிக்கிற வழியை ஷாம்போலியோன் கண்டுபிடிச்சதே 1822-லதான். அதாவது, யாருக்குமே படிக்கத் தெரியாத மொழியோட பேர்ல 41 வருஷம் முன்னாடியே ஒருத்தர் ரெஃபரன்ஸ் கொடுத்துட்டார். நாங்க நிரப்பின 19 ரீடிங் இதுக்கு எவ்வளவோ மேல். அதுக்கப்புறம்தான் டாரட்டை வச்சுக் குறி சொல்ற வழக்கம் பெருசா பரவுச்சு.

இன்னைக்கு நீங்க ரீல்ஸ்ல பார்க்கிற படங்கள்ல பாதிக்கு மேல ஒரே கட்டோட வழி வந்தது. 1909 டிசம்பர்ல லண்டன்ல ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு அது. யோசனை ஏ. இ. வெயிட் என்கிறவரோடது. படம் வரைஞ்சது பமீலா கோல்மன் ஸ்மித் என்கிற பெண் ஓவியர். ரொம்ப நாள் அந்தக் கட்டுக்குப் பேரே ரைடர்–வெயிட்தான். வரைஞ்சவங்க பேரைக் காணோம். வேலை பெருசு, காசு கம்மின்னு நண்பர் ஒருத்தருக்கு அவங்க அப்பவே கடிதம் எழுதியிருக்காங்க. ஃப்ரீலான்ஸ் டிசைன் பண்ணி ஏமாந்த நம்ம நண்பர்களுக்கு இது நல்லாவே புரியும்.

படத்தைப் பாருங்க

சரி, இப்போ நம்ம குதிரைக்காரனுக்கு வருவோம். கார்டு கையில இருந்தா எடுத்து வச்சுக்குங்க. இல்லேன்னா நான் சொல்றதைக் கற்பனை பண்ணிக்குங்க.

குதிரை நாலு கால் பாய்ச்சல்ல ஓடுது. வீரன் உடம்பு முழுக்கக் கவசம். வாளை முன்னாடி நீட்டித் தூக்கியிருக்கான். தலையில சிவப்பு இறகு, தோள்ல சிவப்புப் போர்வை பின்னாடி பறக்குது. மேகம் கிழிஞ்ச துணி மாதிரி இருக்கு. பின்னாடி மரங்கள் காத்துல வளைஞ்சு நிக்குது. குதிரையோட சேணத்துல பறவை, வண்ணத்துப்பூச்சி உருவங்கள்.

இதுல முக்கியமானது எது தெரியுமா? படத்துல இல்லாதது. எதிரி இல்லை. அவன் யாரை நோக்கிப் போறான்? கார்டுக்கு வெளியே. ஜெயிச்சானா தோத்தானா? தெரியாது. நமக்குக் கிடைக்கிறது வேகம் மட்டும்தான். இயற்பியல் பாஷையில சொன்னா, இந்தக் கார்டு திசைவேகத்தைக் காட்டுது, சேரும் இடத்தைக் காட்டல.

இப்போ மத்த மூணு ஜாதிக் குதிரை வீரர்களோட பக்கத்துல வச்சுப் பாருங்க. கோல் வீரனோட குதிரை முன்னங்காலைத் தூக்கி நிக்குது. ஆசை, துடிப்பு, சாகசம். கிண்ண வீரனோட குதிரை மெதுவா அடி எடுத்து வைக்குது. கையில இருக்கிற கிண்ணம் சிந்திடக் கூடாதே, அதான். அது உணர்ச்சி, காதல், கனவு. காசு வீரனோட குதிரை அசையவே இல்லை, உழுத நிலத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது. பொறுமை, உழைப்பு. நாலு பேருக்கும் பதவி ஒண்ணுதான். நாலு குதிரைக்கும் நடை வேற. வாள் என்பது இந்த மரபுல யோசனைக்கும் பேச்சுக்கும் அடையாளம். அதனால, நாலு கால் பாய்ச்சல்ல ஓடுற யோசனை, பிரேக் பிடிக்காத பேச்சு. வாள் வீரனோட அடிப்படை அர்த்தம் இதுதான்.

அதே வாள் ஜாதியில மேலயும் கீழயும் பாருங்க. பேஜ் வாளை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, திரும்பி எங்கேயோ பார்க்கிறான். கேள்வி கேட்கிற ஃபர்ஸ்ட் இயர் பையன் மாதிரி. ராணி வாளை நேரா நிறுத்தி, மற்ற கையை முன்னாடி நீட்டி உட்கார்ந்திருக்கா. "வா, ஆனா பொய் சொல்லாதே" என்கிற மாதிரி. ராஜா நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார். வாள் எல்லார்கிட்டயும் இருக்கு. ஓடுறது குதிரைக்காரன் மட்டும்தான். பேஜ்கிட்ட இருக்கிற சந்தேகம் இவன்கிட்ட போயிடுச்சு. ராணிகிட்ட இருக்கிற நிதானம் இன்னும் வரல. நடுவுல மாட்டிக்கிட்ட வயசு. நம்ம வயசு!

ஒரே கார்டு, நாலு வாசிப்பு

ஒரு கோர்ட் கார்டு வந்தா அதை நாலு விதமா படிக்கலாம்.

ஒண்ணு, வெளியே இருக்கிற ஒரு ஆள். "உங்க வாழ்க்கையில அவசரமா ஒருத்தர் வர்றார்." ரொம்பப் பழைய வழி இது. வெயிட் தன்னோட புத்தகத்துல இதுக்குத் தலைமுடி நிறம், கண் நிறம் எல்லாம் வச்சுப் பட்டியல் போட்டிருக்கார். பொன்னிற முடின்னா கோல், வெளிர் பழுப்புன்னா கிண்ணம், கரும்பழுப்புன்னா வாள், கறுப்பு முடி கருவிழின்னா காசு. வயசுக்கும் கணக்கு உண்டு: 40 வயசுக்கு மேல ஆண் நைட், அதுக்குக் கீழ கிங். 40-க்கு மேல பெண் குயீன், கீழ பேஜ். இந்தக் கணக்குப்படி நம்ம கிளாஸ்ல பசங்க அத்தனை பேரும் கிங் ஆஃப் பென்டக்கிள்ஸ், பொண்ணுங்க அத்தனை பேரும் பேஜ் ஆஃப் பென்டக்கிள்ஸ். டிபார்ட்மெண்ட்டுக்கே ரெண்டே கார்டு போதும்! எங்கேயோ ஒரு ஊர்ல, அந்த ஊர் ஆட்களை மனசுல வச்சு எழுதின விதி அது. பூமி முழுக்கப் பொருந்தாது. இன்னைக்கு இதைப் பின்பத்துறவங்க ரொம்பக் குறைவு.

ரெண்டு, கேட்கிற நீங்களே. கார்டுல இருக்கிறது உங்களோட ஒரு பக்கம். "இந்த விஷயத்துல நான்தான் இப்படிப் பாய்ஞ்சுக்கிட்டிருக்கேனா?"

மூணு, ஒரு அணுகுமுறை. இந்த இடத்துல இப்படி நடந்துக்கலாம், அல்லது நடந்துக்கக் கூடாது. நேரா போய் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேச வேண்டிய நேரமும் வாழ்க்கையில வரும். ராகிங் பண்றவனைத் தட்டிக் கேட்கும்போது கிண்ண வீரனை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. வாள் வீரன்தான் வேணும்.

நாலு, சூழ்நிலையோட வேகம். செய்தி திடீர்னு வரும், காரியம் சட்டுனு நடக்கும்.

இந்த நாலுல எது சரி? கார்டு சொல்லாது. கேள்வியும், சுத்தி இருக்கிற கார்டுகளும், கேட்கிற ஆளோட நிலைமையும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். பக்கத்துல கோபுரம் வந்தா பாய்ச்சல் முட்டிக்கப் போகுதுன்னு படிப்பாங்க. நிதானம் என்கிற கார்டு வந்தா கடிவாளம் கையில இருக்குன்னு படிப்பாங்க. கார்டு தலைகீழா விழுந்தா அவசரத்தோட கெட்ட பக்கம்: யோசிக்காம பேசுறது, வீண் சண்டை, ஆரம்பிச்சுட்டு விட்டுடறது.

வெயிட்டே இந்த ஒரு கார்டுக்குக் கொடுத்த அர்த்தங்களைப் பாருங்க. ஒரு பக்கம் திறமை, வீரம், காக்கும் குணம். இன்னொரு பக்கம் பகை, கோபம், அழிவு. போதாக்குறைக்கு, இந்த வீரனைப் பார்த்தா ஆர்தர் மன்னர் கதைகள்ல வர்ற காலஹாட் ஞாபகம் வருதுன்னு வேற சொல்றார். அந்தக் கதைகள்லயே ரொம்பத் தூய்மையான வீரன் அவன்தான். ஒரே ஆள் காலஹாடும் ஆகலாம், நாசகாரனும் ஆகலாம். வாள் ஒண்ணுதான். எதுக்காக ஓடுறான் என்கிறதுதான் வித்தியாசம். அது கார்டுக்கு வெளியே இருக்கு.

எங்க ரூம்ல நாங்க பண்ணினது என்ன? நாலு வாசிப்புல மூணை யோசிக்கவே இல்லை. முதல் வாசிப்பை மட்டும் எடுத்துக்கிட்டோம். அதுலயும் கெட்ட பாதியை மட்டும்.

கொஞ்சம் கணக்கு

இன்ஜினியரிங் காலேஜ் இதழ், கணக்கு இல்லாம முடிக்க முடியுமா?

78-ல ஒரு குறிப்பிட்ட கார்டு வர்ற வாய்ப்பு 1/78, அதாவது சுமார் 1.3%. "இத்தனை கார்டு இருக்கும்போது இதுவே ஏன் வரணும்?"னு அன்னைக்கு ஒருத்தன் கேட்டான். சிலிர்த்துப் போச்சு எங்களுக்கு. ஆனா எந்தக் கார்டு வந்திருந்தாலும் அதுக்கும் 1.3%தான். ஏதாவது ஒண்ணு வந்துதானே ஆகணும்?

கோர்ட் கார்டு வர்ற வாய்ப்பு 16/78, சுமார் 20.5%. ரீல்ஸ்ல பண்ற மாதிரி மூணு கார்டு எடுத்தா? ஒண்ணுகூட கோர்ட் கார்டா இல்லாம போற வாய்ப்பு 62/78 × 61/77 × 60/76. போட்டுப் பாருங்க, சுமார் 0.497 வரும். அப்போ குறைஞ்சது ஒரு முகமாவது வர்ற வாய்ப்பு சுமார் 50.3%. மூணு கார்டு எடுக்கிற ரெண்டு தடவைக்கு ஒரு தடவை "யாரோ ஒருத்தர்" வந்து நிப்பார். அதுல அதிசயம் ஒண்ணும் இல்லை.

ஆனா நிஜமான கேள்வி வேற. கிண்ணப் பேஜ் வந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்? கிண்ணத்துக்குள்ள இருந்து எட்டிப் பார்க்கிற மீனோட பேசுற பையன் அவன். "வெகுளி, வாயில ரகசியம் நிக்காது"ன்னு சொல்லி டீம்ல இன்னொருத்தனைப் பிடிச்சிருப்போம். வாள் ராணி வந்திருந்தா, பக்கத்து டீம்ல இருக்கிற கெட்டிக்காரப் பொண்ணு மாட்டியிருப்பா. 16-ல எது வந்தாலும் யாராவது ஒருத்தர் பொருந்தியிருப்பாங்க. மண்ணு காய்ஞ்சிருந்தாலும் நனைஞ்சிருந்தாலும் "ஆமா, சரி"ன்னே காட்டுற ஈரப்பத சென்சாரை நீங்க வாங்குவீங்களா? எல்லா இன்புட்டுக்கும் ஒரே அவுட்புட் கொடுத்தா அதுல தகவல் இல்லைன்னு அர்த்தம்.

இதை ஒரு உளவியலாளர் கிளாஸ்லயே சோதிச்சுக் காட்டினார். 1948-ல அமெரிக்காவுல பெர்ட்ரம் ஃபோரர் தன்னோட மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வச்சு, ஒவ்வொருத்தருக்கும் "உங்களுக்கான" முடிவுன்னு ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துதுன்னு 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26! எந்த ஃபேக்கல்டி ஃபீட்பேக்லயும் பார்க்காத மார்க். அப்புறம்தான் உண்மையைச் சொன்னார்: எல்லார் கையிலயும் இருந்தது ஒரே தாள். வாசகங்களைப் பெரும்பாலும் கடையில விக்கிற ஜோசியப் புத்தகத்துல இருந்து எடுத்திருந்தார். பொதுவான வாக்கியத்தை நமக்குன்னே எழுதினதா எடுத்துக்கிற இந்தப் பழக்கத்துக்கு ஃபோரர் விளைவுன்னே பேர் வந்துடுச்சு. வாள் வீரன் விஷயத்துல நாங்க இன்னும் ஒரு படி மேல போனோம். பொதுவான வாக்கியத்தை இன்னொருத்தன் மேல ஒட்டினோம். நம்ம மேல ஒட்டிக்கிட்டா நாம மட்டும்தான் ஏமாறுவோம். அடுத்தவன் மேல ஒட்டினா அவனுக்குத் தண்டனை.

அப்போ கார்டைத் தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம்னுதான் சொல்வேன். எதிர்காலத்தைச் சொல்லும்னு நான் நம்பல. ஆனா ஒரு நல்ல படம் நம்மை யோசிக்க வைக்கும். கதை படிக்கும்போது ஒரு கதாபாத்திரத்துல நம்மைப் பார்த்துட்டுத் திடுக்கிடுறோம் இல்லையா, அது மாதிரி. கோர்ட் கார்டை "யாரு?"ன்னு கேட்காம "எப்படி?"ன்னு கேட்டா அது உருப்படியான கருவி.

வாள் வீரன் வந்தா நான் இப்போ கேட்டுக்கிற நாலு கேள்வி இது.

முதல் கேள்வி: இந்த விஷயத்துல நான் எங்கே பாய்ஞ்சேன்? அடுத்தவனைத் தேடுறதுக்கு முன்னாடி நம்ம குதிரை எங்கே நிக்குதுன்னு பார்த்துடணும்.

ரெண்டாவது: படத்துல இல்லாத எதிரி யாரு? நான் நிஜமாவே ஒருத்தரோட சண்டை போடுறேனா, இல்லை காத்துல வாள் வீசுறேனா?

மூணாவது: இந்த வேகம் இங்கே தேவையா? ஹேக்கத்தான்ல கடைசி மூணு மணி நேரம்னா தேவை. ராத்திரி 1 மணிக்கு கிளாஸ் குரூப்ல டைப் பண்ணி வச்சிருக்கிற நீள மெசேஜுக்குத் தேவையில்லை.

நாலாவது: வேற ஆளைப் பத்தி எனக்குச் சந்தேகம்னா, அந்த ஆள்கிட்ட கேட்டேனா? இது டாரட் புத்தகத்துல இருக்கிற கேள்வி இல்லை. நான் சேர்த்துக்கிட்டது.

ஒரு உதாரணம் சொல்றேன். உங்களுக்கு ஒரு கம்பெனியில ஆஃபர் வந்திருக்கு. இன்னொரு இன்டர்வியூ அடுத்த வாரம். "என்ன பண்ணலாம்?"னு கார்டு எடுக்கிறீங்க, வாள் வீரன் வருது. "உடனே சேர்ந்துடு"ன்னும் படிக்கலாம், "அவசரப்படாதே"ன்னும் படிக்கலாம். ரெண்டும் அந்தக் கார்டுல இருக்கு. அதனால அது உங்களுக்கு விடை சொல்ல முடியாது. ஆனா, "நான் ஏன் இன்னைக்கே முடிவு எடுக்கத் துடிக்கிறேன்? வேலை பிடிச்சிருக்கா, இல்லை ரூம்மேட்டுக்கு முன்னாடியே பிளேஸ் ஆகிடணும்னா?"ன்னு கேட்க வைக்கும். அந்தக் கேள்வி கிடைச்சதுமே கார்டோட வேலை முடிஞ்சது. அதுக்கப்புறம் ஆஃபர் லெட்டரைப் படிங்க, சீனியர்கிட்ட கேளுங்க, வீட்டுல பேசுங்க. அந்த வேலைக்கெல்லாம் கார்டு ஆகாது.

மஞ்சள் கலர்

இப்போ மிச்சக் கதை.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு இன்டர்ன்ஷிப்புக்காக ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தேவைப்பட்டது. கைடுக்கு அனுப்பின பழைய மெயிலைத் திறந்தேன். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி 2 மணிக்கு நான் அனுப்பின மெயில். ரிப்போர்ட்டோட கூட ஒரு எக்செல் ஃபைலும் அட்டாச் ஆகியிருந்தது. ஃபைனல் ஃபைல் இல்லை, அதுக்கு முந்தினது. அதுல 19 வரிசைக்கு மஞ்சள் கலர் அடிச்சு, பக்கத்துல "இதெல்லாம் அப்புறம் எடுக்கணும்"னு நானே டைப் பண்ணி வச்சிருந்தேன்.

யாரும் போட்டுக்கொடுக்கல. நான்தான் அவசரத்துல தப்பான ஃபைலை அனுப்பியிருக்கேன். வாளைத் தூக்கிக்கிட்டு, எங்கே போறோம்னு பார்க்காம பாய்ஞ்ச குதிரைக்காரன் நான்.

"பார்த்தியா, கார்டு சரியாத்தான் சொல்லியிருக்கு!"ன்னு கட்டோட சொந்தக்காரன் குதிச்சான். இல்லைங்க. இந்த இடத்துல ஏமாந்துடாதீங்க. கார்டு என்னைக் காட்டியிருந்தா அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மெயிலைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் அது எனக்குப் பொருந்துது. பார்க்கிறதுக்கு முன்னாடி அதே அளவு அவனுக்கும் பொருந்துச்சு. என்னைக் காட்டிக்கொடுத்தது கார்டு இல்லை, மெயிலோட சென்ட் ஃபோல்டர். அந்த முதல் கேள்வியை, "நான் எங்கே பாய்ஞ்சேன்?"னு, அன்னைக்கு ராத்திரி கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல அந்த ஃபோல்டரைத் திறந்திருப்பேன்.

அன்னைக்கு மெஸ்ல அவன் தனியா உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தான். ரெண்டு மாசமா அப்படித்தான் சாப்பிட்டுக்கிட்டிருந்தான். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். எதிர்ல போய் உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். கார்டு எடுத்தது உட்பட. திட்டுவான்னு நினைச்சேன், வெடுக்குன்னு பேசுறவனாச்சே. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கிட்டிருந்தான்.

"என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாமேடா"ன்னான். அவ்வளவுதான்.

இப்போ பேசிக்கிறோம். முன்ன மாதிரியேன்னு சொல்ல மாட்டேன், ஆனா பேசிக்கிறோம். இந்தக் கட்டுரையை அனுப்புறதுக்கு முன்னாடி அவன்கிட்ட காட்டினேன். படிச்சுட்டு, "அட்டாச்மெண்ட்டை ஒரு தடவை செக் பண்ணிட்டு அனுப்பு"ன்னான்.

செக் பண்ணிட்டேன்.